ஜெர்மனியில் முதுநிலைப் படிப்பு: விண்ணப்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்ணப்பக் காலம் தொடங்கினால் ஜூனியர்கள் தங்கள் பல்கலைக்கழகப் பட்டியலை அனுப்பி, "அண்ணா, சரியா இருக்கா பாருங்க" என்று கேட்பார்கள். ஆள் மாறினாலும் தவறுகள் மாறுவதில்லை. எஸ்ஓபியில் (ஏன் இந்தப் படிப்பு என்று நாம் எழுதும் நோக்கக் கடிதம்) எழுத்துப்பிழை, பாஸ்போர்ட் காலாவதி போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். மற்றவற்றைச் சொல்கிறேன்.

கோர்ஸின் பெயரைப் பார்த்து விண்ணப்பிப்பது

எனக்கு இன்னும் கோபம் வரவைக்கும் தவறு இதுதான். அமெரிக்காவுக்குப் போன சீனியர்களிடம் கேட்டுவிட்டு, நல்ல சிஜிபிஏயும் நல்ல எஸ்ஓபியும் இருந்தால் போதும் என்று கிளம்பிவிடுகிறார்கள். ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது, இளநிலையில் எந்தப் பாடத்தை எவ்வளவு படித்தீர்கள் என்பதை. கணிதத்தில் இத்தனை ஈசிடிஎஸ் (ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் கிரெடிட் அளவு), புரோகிராமிங்கில் இத்தனை என்று அந்தந்தக் கோர்ஸின் சேர்க்கை விதிமுறையில் எழுதியிருக்கும். அதில் குறைந்தால் சிஜிபிஏ 9.5 இருந்தாலும் பயனில்லை.

மெக்கானிக்கல் முடித்த தம்பி ஒருவர், சிஜிபிஏ 8.7. கன்சல்டன்சி கொடுத்த பட்டியலில் இருந்த எட்டுமே கம்ப்யூட்டர் சயின்ஸ், டேட்டா சயின்ஸ். பைதான் நன்றாக எழுதுவார், ஆன்லைன் சான்றிதழ்களும் வைத்திருந்தார். எட்டும் நிராகரிக்கப்பட்டன, எல்லாவற்றிலும் ஒரே காரணம்: பாடத் தகுதி போதவில்லை. ஆன்லைன் சான்றிதழ்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில் வராது. பல ஜெர்மன் பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் அமைப்பான யூனி-அசிஸ்டில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. ஆக 285 யூரோ போனது, கூடவே ஒரு வருடமும் போனது. மெக்கட்ரானிக்ஸ், புரொடக்‌ஷன் பக்கம் போயிருந்தால் அதே மதிப்பெண்ணுக்கு நல்ல வாய்ப்பு இருந்தது. பட்டியல் போட்டவர் விதிமுறையை ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாம். அதைக்கூடச் செய்யாமல் ஒரு பையனின் வருடத்தை வீணாக்குவது அநியாயம்.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? முழுநேரப் படிப்பில் ஒரு வருடத்துக்கு 60 ஈசிடிஎஸ். அந்தக் கணக்கில் நான்கு வருட பி.இ.யை 240 என்று வைத்து, உங்கள் மொத்த கிரெடிட்டோடு விகிதம் போடுங்கள். மொத்தம் 160 என்றால் ஒரு கிரெடிட் சுமார் 1.5 ஈசிடிஎஸ். நான்கு கிரெடிட் வீதம் நான்கு கணிதப் பேப்பர் படித்திருந்தால் 24. இது தோராயம்தான், முடிவு பல்கலைக்கழகத்தின் கையில். ஆனால் கணிதத்துக்கு 30 கேட்கும் இடத்தில் பணம் கட்டுவதற்கு முன் யோசிக்க இது போதும். சந்தேகம் இருந்தால் கோர்ஸ் ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் போடுங்கள். அப்புறம், சிலபஸை முழுதாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "பொறியியல் கணிதம் 2" என்ற தலைப்பை மட்டும் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது.

சிஜிபிஏவை ஜெர்மன் கணக்கில் மாற்றிப் பார்க்காதது

அங்கே 1.0 சிறந்தது, 4.0 தேர்ச்சியின் எல்லை. அதிகபட்ச மதிப்பிலிருந்து உங்கள் சிஜிபிஏவைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். தேர்ச்சி மதிப்பு 5 என்றால் 8.0 சிஜிபிஏ 2.2 ஆகும், 7.5 சிஜிபிஏ 2.5 ஆகும். பல கோர்ஸ்கள் 2.5-க்கு மேல் போனால் ஏற்பதில்லை.

ஏபிஎஸ் சான்றிதழைத் தள்ளிப்போடுவது

உங்கள் கல்விச் சான்றிதழ்கள் உண்மையானவை என்று ஜெர்மன் தூதரகத்தின் ஏபிஎஸ் பிரிவு சரிபார்த்துத் தரும் சான்றிதழ் இது. 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களின் விசாவுக்கு இது கட்டாயம். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்துடனேயே கேட்கின்றன. கோர்ஸ் தேடும்போதே இதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.

ஜூலை 15-ஐ நம்பி உட்கார்ந்திருப்பது

குளிர்கால செமஸ்டருக்கு அது பொதுவான கடைசி நாள். வெளிநாட்டவருக்கு மார்ச்சிலோ மே மாதத்திலோ முடித்துவிடும் கோர்ஸ்கள் நிறைய. யூனி-அசிஸ்டிடமிருந்து விபிடி (உங்கள் சான்றிதழ்களைச் சரிபார்த்து, மதிப்பெண்ணை ஜெர்மன் கணக்கில் மாற்றித் தரும் ஆவணம்) வாங்கிக் கொடுக்க வேண்டிய இடங்களில் அதற்கே பல வாரம் ஆகும்.

"ஜெர்மனியில் எல்லாம் இலவசம்"

இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் இப்போது வெளிநாட்டவருக்குக் கட்டணம் உண்டு. கட்டணமே இல்லாத இடத்துக்குப் போனாலும் முடக்கக் கணக்கில் (பணத்தை மொத்தமாகப் போட்டு, மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்கக்கூடிய பிளாக்டு அக்கவுண்ட்) ஒரு வருடச் செலவைக் காட்ட வேண்டும்: 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோ. வங்கிக் கடன் வாங்குபவர்கள் அட்மிஷன் கடிதம் வரும் முன்பே வங்கியில் பேச ஆரம்பியுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தை நீங்களே எழுதிக் கையெழுத்து வாங்குவது

வேண்டாம்.

கட்டணமே வாங்காத கன்சல்டன்சி

அவர்களில் பலருக்கு வருமானம் தனியார் பல்கலைக்கழகங்கள் தரும் கமிஷன். பட்டியலில் அரசுப் பல்கலைக்கழகம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.