பேடுகளின் முதுகைப் பாருங்கள்

இலங்கை மலையகத்து ஹட்டனில், எங்கள் லயத்துக்கு (தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் 9 பேட்டுக்கோழிகளும் ஒரு சேவலும் வளர்கின்றன. முன்பு சேவல்கள் 3 இருந்தன. அது என் தவறு. முட்டைக்குச் சேவலே வேண்டாம்; குஞ்சு பொரிக்கத்தான் வேண்டும். அதற்கும் 8 அல்லது 10 பேடுகளுக்கு ஒன்று போதும்.

காலையில் கூட்டைத் திறந்ததும் பேடுகளின் முதுகைப் பாருங்கள். சேவல் ஏறி மிதித்து இறகு உதிர்ந்து தோல் சிவந்திருந்தால் அன்றே சேவலைப் பிரித்துவிடுங்கள். என் கறுப்புப் பேட்டின் விலாவைச் சேவலின் நகம் கிழித்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. இரத்தத்தைக் கண்டால் மற்றக் கோழிகளும் கொத்தும். அதனால் காயம் ஆறும்வரை சாக்கு விரித்த பெட்டியில் தனியாக வைத்திருந்தேன். இன்றும் அதை நினைத்தால் மனம் வலிக்கிறது.

எந்தச் சேவலை வைத்துக்கொள்வது? குருணையைத் தூவிப் பாருங்கள். தான் தின்னாமல் பேடுகளைக் கூப்பிட்டுக் கொடுப்பவனை வையுங்கள். பிள்ளைகளைத் துரத்துபவன் வேண்டாம்.

புதிய சேவலை ஒரு வாரம் கம்பிவலைக்கு அப்பால் பழக்கி, பிறகு இருட்டியதும் கூட்டில் விடுங்கள்.

எங்கள் மழைக்கும் பனிமூட்டத்துக்கும் கூட்டுத் தரை காய்ந்திருக்க வேண்டும். சுவரின் மேற்பகுதியில் காற்றுவழியை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.