விளம்பரத்துக்குக் காசு போடும் முன், வாசகத்தைச் சோதியுங்கள்

திருப்பூரில் பவர் டேபிள் வைத்திருப்பவர்களுக்காக ஒரு சின்ன சாப்ட்வேர் செய்து விற்கிறோம். பனியன் கம்பெனியில் இருந்து வெட்டிய துணியை (கட்டிங்) வாங்கி வந்து, டஜன் ரேட்டுக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட்டுகள் அவை. பத்துப் பதினைந்து மெஷின், ஓவர்லாக், பிளாட்லாக் டெய்லர்கள், பிசிறு வெட்டும் பெண்கள், வாரக் கூலி. எந்த டெய்லர் எத்தனை டஜன் தைத்தார், யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் போயிருக்கிறது, கம்பெனியிடம் எவ்வளவு பாக்கி நிற்கிறது என்பதையெல்லாம் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். இதை விற்பது என் பொறுப்பு. விளம்பரத்துக்கென்று பெரிய தொகை இல்லாதபோது எந்த வாசகம் எடுபடும் என்று கண்டுபிடிக்க நான் பின்பற்றும் முறையை எழுதுகிறேன். இட்லி மாவு விற்பவருக்கும் டியூஷன் ஆப் செய்பவருக்கும் இதே முறை ஒத்துவரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "இந்த வாசகம் எப்படி இருக்கு?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். வீட்டாரும் நண்பர்களும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அறிமுகம் இல்லாதவர்கூட முகத்துக்கு நேரே குறை சொல்லத் தயங்குவார். படித்தவர் போன் செய்கிறாரா, நமக்காக நேரம் ஒதுக்குகிறாரா, பணம் தருகிறாரா என்பதை மட்டும் பாருங்கள்.

வாசகம் எங்கே கிடைக்கும்?

மேஜையில் உட்கார்ந்து யோசித்தால் "எளிய, விரைவான, நம்பகமான" என்று ஏதாவது வரும். அதை எந்தப் பொருளுக்கும் ஒட்டிவிடலாம், அதனால் எந்தப் பொருளையும் விற்காது. வாங்கப் போகிறவரைப் பேசவிட்டுக் கேளுங்கள். நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "போன சனிக்கிழமை சம்பளம் எப்படிப் போட்டீங்க? ஆரம்பத்தில் இருந்து சொல்லுங்க." நடந்து முடிந்த ஒரு நாளைப் பற்றிக் கேட்டால் ஆட்கள் கற்பனையாகப் பதில் சொல்ல மாட்டார்கள்.

திருப்பூரில் பதினைந்து வேலம்பாளையம் (15 வேலம்பாளையம்) என்ற பகுதியில் ஒரு யூனிட்காரர் இப்படித்தான் சொல்ல ஆரம்பித்தார். டெய்லர் சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டு வைத்திருப்பார். செக்கிங் அக்காவிடம் ஒரு நோட்டு. சனிக்கிழமை சாயங்காலம் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மூன்று டஜனோ ஐந்து டஜனோ இடிக்கும். செவ்வாய்க்கிழமை கரண்ட் போனபோது பாதியில் நின்ற பண்டல் யார் கணக்கு என்று பேச்சு வளரும். அதற்குள் அட்வான்ஸ் பிடித்தது அதிகம் என்று இன்னொருவர் எழுந்துவிடுவார். நான் ஆப்பைத் திறந்து காட்டப் போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "சாப்ட்வேரெல்லாம் இருக்கட்டுங்க அம்மணி. சனிக்கிழமை சாயங்காலம் சண்டை சச்சரவு இல்லாம சம்பளத்தைப் போட்டுட்டு வீட்டுக்குப் போகோணும். அதுக்கு வழி இருந்தா சொல்லுங்க."

எங்கள் முதல் வாசகம் அங்கிருந்து வந்தது: "சனிக்கிழமை சம்பளம், சண்டை இல்லாமல்." நான் சேர்த்தது எதுவும் இல்லை. கேட்டதைச் சுருக்கினேன், அவ்வளவுதான்.

பேசும்போது அனுமதி கேட்டுக்கொண்டு போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி வையுங்கள். நீங்கள் திருத்திய தமிழில் எழுதினால் சாரம் போய்விடும். ஆட்களைப் பார்க்க முடியாத நாட்களில் பிளே ஸ்டோரில் உங்களுடையது போன்ற ஆப்களின் கீழே உள்ள விமர்சனங்களைப் படியுங்கள். ஒரு ஸ்டார், மூன்று ஸ்டார் கொடுத்தவர்கள்தான் விவரமாக எழுதுவார்கள். ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் விளம்பர நூலகத்தையும் இலவசமாகப் பார்க்கலாம். போட்டியாளரின் பெயரைத் தேடினால் அவர் இப்போது ஓட்டும் விளம்பரங்களும், ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் தொடங்கியது என்பதும் தெரியும். ஒரே விளம்பரத்தை மாதக்கணக்கில் ஓட்டுகிறார் என்றால் அது அவருக்கு வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இணையத்தில் ஃபைல்களைச் சேமித்து வைக்கும் டிராப்பாக்ஸின் கதையை இங்கே சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் கூகுளில் விளம்பரம் போட்டபோது, ஆண்டுக்கு 99 டாலர் கட்டும் ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க அவர்களுக்கு 233 முதல் 388 டாலர் வரை செலவானது. அதற்கு முன்பே, 2008 மார்ச்சில், டிக் என்ற செய்திப் பகிர்வுத் தளத்தின் வாசகர்களை மனதில் வைத்து, அவர்களுக்கு மட்டும் புரியும் சின்னச் சின்ன விஷயங்களை உள்ளே வைத்து ஒரு செய்முறை வீடியோ போட்டார்கள். காத்திருப்போர் பட்டியல் ஒரே நாளில் 5,000-இல் இருந்து 75,000 ஆனது. இருந்தது அதே பொருள்தான். யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்து பேசினார்கள்.

மூன்று வாக்குறுதிகள்

சோதனைக்கு எடுக்கும் வாசகங்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகி இருக்க வேண்டும். "எளிதான சம்பளக் கணக்கு", "சுலபமான சம்பளக் கணக்கு" என்று இரண்டைச் சோதிப்பதில் பயன் இல்லை. நாங்கள் எடுத்தவை இவை: சனிக்கிழமை சம்பளம், சண்டை இல்லாமல். யார் எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினார், ஒரே பார்வையில். கம்பெனி தர வேண்டிய பாக்கி எவ்வளவு, இன்றே தெரிந்துகொள்ளுங்கள். மூன்றும் மூன்று வலிகள்.

ஏன் இவ்வளவு விலகல் வேண்டும்? 2007 டிசம்பரில் ஒபாமாவின் தேர்தல் பிரசாரக் குழு தங்கள் இணையதளத்தின் பதிவுப் பக்கத்தைச் சோதித்தது. நான்கு பட்டன், ஆறு படங்களும் வீடியோக்களும், மொத்தம் 24 சேர்க்கைகள். பதிவு செய்தவர்கள் 8.26 சதவீதத்தில் இருந்து 11.6 சதவீதமாக உயர்ந்தார்கள். குழுவினர் அதிகம் நம்பியிருந்தது ஒரு வீடியோவை. ஆனால் வீடியோக்கள் எல்லாமே படங்களைவிடக் குறைவாகத்தான் இழுத்தன. நம் ரசனையை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சோதனையைப் பார்த்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். எட்டுக்கும் பதினொன்றுக்கும் உள்ள வித்தியாசம் தெளிவாகத் தெரிய ஒவ்வொன்றையும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களாவது பார்க்க வேண்டும். நமக்கு நூறு இருநூறு பேர் வருவார்கள். அந்தக் கூட்டத்தில் தெரிய வேண்டுமென்றால் வித்தியாசம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இருக்க வேண்டும். வேறு வேறு வலியைத் தொட்டால்தான் அப்படி வரும்.

முதல் வடிகட்டல் காகிதத்தில். ஒரு ஏ4 தாளில் வாசகத்தைப் பெரிதாக அச்சடித்து, டீக்கடையில் நிற்கும் யூனிட்காரரிடம் ஐந்து நொடி காட்டிவிட்டு மடித்துவிடுங்கள். "இது என்னங்க? யாருக்கு?" என்று கேளுங்கள். தவறாகச் சொன்னால் திருத்தாதீர்கள், விளக்காதீர்கள், குறித்துக்கொள்ளுங்கள். நான்கைந்து பேர் தொடர்ந்து வேறு எதையோ சொன்னால் அந்த வரி புரியவில்லை. காசு செலவழிக்கும் முன்பே அதைக் கழித்துவிடலாம்.

இரண்டு சிம், இரண்டு நோட்டீஸ்

நூறு ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவில் தபால் வழியே பொருள் விற்றவர்கள் ஒவ்வொரு விளம்பரத்திலும் முகவரியில் வேறு வேறு துறை எண்ணைப் போடுவார்கள். வரும் கடிதத்தில் எழுதியிருக்கும் துறை எண்ணைப் பார்த்தாலே எந்த விளம்பரம் வேலை செய்தது என்று தெரிந்துவிடும். இதையே இன்று இரண்டு சிம் போடும் போனில் செய்யலாம். ஒரு நோட்டீஸுக்கு ஒரு எண், இன்னொன்றுக்கு இன்னொன்று. எந்த சிம்முக்கு அழைப்பு வந்தது என்பதைப் போனே காட்டிவிடும். எங்கள் ஆட்கள் கியூஆர் கோடைப் பார்த்தால் ஸ்கேன் செய்வதைவிட நேரே போன் செய்வதுதான் அதிகம், அதனால் இந்த முறை எங்களுக்கு மிகவும் உதவுகிறது. உங்கள் ஆட்கள் வாட்ஸ்அப்பில் பேசுகிறவர்கள் என்றால், முதல் செய்தியை முன்பே நிரப்பிய இரண்டு வாட்ஸ்அப் இணைப்புகளை (wa.me) உருவாக்கலாம். ஒன்றில் "சம்பளக் கணக்கு பற்றிச் சொல்லுங்க" என்றும் மற்றதில் "பாக்கி கணக்கு பற்றிச் சொல்லுங்க" என்றும் வைத்தால் போதும். வருகிறவர்களுக்கு வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் லேபிள் போட்டுப் பிரித்துக்கொள்ளலாம். எல்லாம் இலவசம்.

நோட்டீஸை எங்கே வைப்பது? உங்கள் வாடிக்கையாளர் வாராவாரம் போகும் இடத்தில். எங்களுக்கு அது நூல், எலாஸ்டிக், ஊசி விற்கும் கடைகள். கடைக்காரரிடம் நேரே சொல்லிக் கேட்டால் கல்லா ஓரத்தில் வைக்க விடுவார். ஆனால் கடைக்குக் கடை கூட்டம் மாறும். அதனால் இந்த வாரம் முதல் கடையில் ஒன்று, இரண்டாவது கடையில் மற்றது, அடுத்த வாரம் மாற்றி. ஒரு வாசகத்தை இந்த மாதமும் இன்னொன்றை அடுத்த மாதமும் சோதித்தால் கணக்கு கெட்டுவிடும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் யாருக்கும் நோட்டீஸ் படிக்க நேரம் இருக்காது, அப்போது எந்த வாசகமும் தோற்கும்.

இரண்டு நோட்டீஸிலும் தாளின் நிறம், எழுத்தின் அளவு, படம், விலை எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். வாசகம் மட்டும் மாற வேண்டும்.

நேரில் போகும்போதும் இதைச் செய்யலாம். ஒரு தெருவில் ஒரு வரியோடு பேச்சைத் தொடங்குங்கள், அடுத்த தெருவில் இன்னொன்று. அவர் வாயில் இருந்து அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். "எவ்வளவுங்க?" என்றால் வரி உள்ளே போயிருக்கிறது. "நல்லா இருக்குங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றால் இல்லை.

மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்பும் யோசனையை விட்டுவிடுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிகளின்படி அனுப்புநர் பெயரையும் செய்தி வடிவத்தையும் முன்பே பதிவு செய்ய வேண்டும். வாசகத்தை மாற்றி மாற்றிப் பார்க்கும் நிலையில் அது சரிப்படாது. வாட்ஸ்அப் பிராட்காஸ்டும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் போய்ச் சேரும், ஒரு பட்டியலுக்கு 256 பேர்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் சிறு தொகைக்குச் சோதிக்கலாம். போடும் தொகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, அதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். இரண்டு விளம்பரத்தையும் ஒரே விளம்பரத் தொகுப்பில் (ஆட் செட்) போட்டால், ஆரம்பத்தில் கொஞ்சம் முந்துவதற்கே மெட்டா பெரும்பாலான பணத்தைத் தள்ளிவிடும், மற்றது யார் கண்ணிலும் படாது. இரண்டை ஒப்பிட்டுப் பார்க்க அங்கேயே உள்ள ஏ-பி டெஸ்ட் வசதியைப் பயன்படுத்துங்கள், இரண்டு விளம்பரத்துக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கும். லைக் எண்ணாதீர்கள். செய்தி அனுப்பிப் பேசியவர்களை மட்டும் எண்ணுங்கள்.

எப்போது நம்பலாம்?

ஒன்றுக்கு 14 போன், மற்றதற்கு 8 போன் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது ஜெயித்துவிட்டதா? இரண்டையும் கூட்டுங்கள், 22. அதன் வர்க்கமூலம் சுமார் 4.7, இரட்டித்தால் 9.4. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதைவிட அதிகமாக இருக்க வேண்டும். இங்கே வித்தியாசம் 6 தான், ஆகவே இன்னும் சொல்ல முடியாது. 30-க்கு 14 என்றால்? கூட்டினால் 44, வர்க்கமூலம் 6.6, இரட்டித்தால் 13.3. வித்தியாசம் 16. சரி, நம்பலாம். புள்ளியியலில் 95 சதவீத நம்பிக்கை என்பார்களே, கிட்டத்தட்ட அந்த அளவு இது. இரண்டு வாசகத்தையும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் ஆட்கள் பார்த்திருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். எத்தனை நோட்டீஸ், எத்தனை நாள் என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். நமக்குப் பிடித்த வாசகம் முந்தும் நாளில் சோதனையை நிறுத்திவிட ஆசை வரும்.

போன் வருவதோடு கணக்கை முடிக்கக் கூடாது என்பதுதான் நான் மிகவும் வலியுறுத்துவது. எங்களுடைய மூன்றில் பாக்கி பற்றிய வாசகத்துக்குத்தான் அதிக அழைப்புகள். ஆனால் அழைத்தவர்களில் பலர் கம்பெனியிடம் இருந்து பாக்கியை வசூலித்துத் தருவோம் என்று நினைத்தே பேசினார்கள். அது எங்கள் வேலை இல்லை என்றதும் வைத்துவிட்டார்கள். சனிக்கிழமை வாசகத்துக்கு அழைப்பு குறைவு. வந்தவர்களோ செக்கிங் அக்காவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார்த்தார்கள், ஒரு மாதக் கட்டணத்தை ஜிபேயில் போட்டார்கள்.

அதனால் தாளில் மூன்று கட்டங்கள் போடுங்கள்: அழைத்தவர், நேரில் பார்க்க நேரம் கொடுத்தவர், பணம் கொடுத்தவர். ஒவ்வொரு வாசகத்துக்கும் தனித்தனியாக நிரப்புங்கள். பணம் கொடுப்பவர் சிலர்தான் இருப்பார்கள், அந்தக் கட்டத்தில் வர்க்கமூலக் கணக்கு பலிக்காது. அங்கே ஒவ்வொருவரிடமும் "எதைப் பார்த்துக் கூப்பிட்டீங்க, என்ன நினைச்சு வாங்கினீங்க?" என்று கேட்டு எழுதி வையுங்கள். பொருள் இன்னும் தயாராகவில்லை என்றால் அதை முதலிலேயே சொல்லிவிட்டு முன்பணம் வாங்குங்கள். வேண்டாம் என்பவருக்கு அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவர் ஏன் வேண்டாம் என்றார் என்பதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த சோதனைக்கான வாசகம் பெரும்பாலும் அதில்தான் கிடைக்கும்.