உருண்டையில் ஓடும் தூசிப்படலம்: பார்க்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஆடி மாதத்தில் ஒருநாள், பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோப்பு வீட்டில், அம்மாவின் அப்பாவான அப்புச்சிக்கு லேப்டாப்பில் பூமி உருண்டையைச் சுழற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன். அரபிக்கடல் மேல் தூசிப்படலம் அடர்ந்த நிறத்தில் கிடந்தது. அதன் மேல் வெள்ளைக் கோடுகள் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் பக்கம் பாய்ந்துகொண்டிருந்தன. "அந்தத் தூசி எப்பக் கண்ணு நம்மூருக்கு வரும்?" என்று கேட்டார். அவருக்கு மூச்சு இளைப்பு உண்டு. "சாயங்காலத்துக்குள்ள வந்துருமுங்க அப்புச்சி" என்றேன். அன்று அவர் வீட்டை விட்டு இறங்கவேயில்லை. மாலையில் ஆனைமலை அடிவாரம் வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது.

என்னை நம்பி ஒருவர் நாள் முழுக்க உள்ளே அடைந்து கிடந்தார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் செய்த முதல் தவறு, ஓடுவதெல்லாம் தூசி என்று நினைத்தது. எர்த் நல்ஸ்கூல் போன்ற தளங்களில் ஓடும் கோடுகள் காற்று; நிறம்தான் துகள். அந்தக் கோடுகள் மணிக்கணக்கில் ஓடினாலும் காட்டுவது ஒரே ஒரு நேரத்துக் காற்றை. அடியில் இருக்கும் நிறம் அசையாது. தூசி உண்மையில் நகர்கிறதா என்று அறிய, நேரத்தை மூன்று மணி, ஆறு மணி என்று தள்ளிப் பார்த்து, நிறத்தின் விளிம்பு எங்கே போகிறது என்று கவனிக்க வேண்டும். எந்த உயரத்துக் காற்று என்பதையும் பாருங்கள். ஆடியில் நம் தரையில் அடிப்பது மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று. 10 கி.மீ.க்கு மேலே போனால் அதே நாளில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே ஓடும். உயரத்தை மாற்றி வைத்துவிட்டு மறந்தால், கதை தலைகீழாகிவிடும்.

அடுத்தது நிறத்தின் பொருள். பெரும்பாலான உருண்டைகள் காட்டுவது ஏரோசால் ஒளியியல் ஆழம், சுருக்கமாக ஏஓடி. தரையிலிருந்து வானத்தின் உச்சி வரை உள்ள புகை, மண்தூசி, கடல் உப்பு, சல்பேட் எல்லாம் சேர்ந்து சூரிய ஒளியை எவ்வளவு மறைக்கின்றன என்ற கணக்கு அது. அதற்கு அலகு கிடையாது. 0.1 என்றால் தெளிந்த வானம், 1 என்றால் நல்ல மங்கல். அப்புச்சியின் நுரையீரலுக்குள் போவது தரையை ஒட்டிய காற்று மட்டுமே. அதற்கான அளவு பிஎம் 2.5, அதாவது காற்றில் உள்ள 2.5 மைக்ரானுக்கு மிகாத நுண்துகள்களின் அளவு. பாலைவனத் தூசி 3 கி.மீ. உயரத்தில் மிதந்து போனால் ஏஓடி ஏறும், தரையில் ஒன்றும் தெரியாது. மார்கழிக் காலையில் புகை தரையோடு படிந்து மூக்கை எரிக்கும்போது ஏஓடி குறைவாகவும் இருக்கலாம். ஈரம் கூடினாலும் உப்பும் சல்பேட்டும் ஊதிப் பெருத்து ஏஓடியை ஏற்றிவிடும். புதுத் தூசி வந்திருக்க வேண்டியதில்லை. இளைப்பு உள்ளவர்களுக்காகப் பார்ப்பவர்கள் முதலில் பிஎம் 2.5 படத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.

அதிலும் நம் ஊரை விரலால் தொட்டு எண்ணை வாசிப்பதில் ஒரு சிக்கல். ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் வளிமண்டலச் சேவையின் உலக முன்னறிவிப்பில், ஒரே எண் தரப்படும் ஒரு கட்டம் சுமார் 40 கி.மீ. பாலக்காட்டுக் கணவாயின் மொத்த அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான். மேட்டுப்பாளையமும் குன்னூரும் ஒரே கட்டத்துக்குள் விழலாம். உயரத்தில் இரண்டுக்கும் 1,500 மீட்டர் வித்தியாசம்! கணினியின் மலை நம் மலையைப் போல் செங்குத்தாக இருக்காது, மழுங்கிப்போயிருக்கும். திரையில் நிறம் வழுவழுப்பாக மாறுவது அழகுக்காக இழைத்துவிட்டது. பெரிதாக்கப் பெரிதாக்கப் புது விவரம் எதுவும் வராது. எங்கள் பக்கத்து நார் மில்லில் கிளம்பும் நார்த்தூள் ரெண்டு தோப்பு தாண்டுவதற்குள் படிந்துவிடும். அது எந்த உருண்டையிலும் வராது, ஆனால் அந்த ரெண்டு தோப்புக்காரர்களுக்கு அதுதான் பெரிய தூசி.

பார்ப்பது கணினி கணக்கிட்டுச் சொல்லும் மாடலா, செயற்கைக்கோள் படமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நாசாவின் செயற்கைக்கோள்களான டெர்ரா 1999லும் அக்வா 2002லும் ஏவப்பட்டவை. அவற்றில் உள்ள மோடிஸ் கருவி வெயில் வெளிச்சத்தை வைத்துத்தான் ஏஓடியைக் கணக்கிடுகிறது. எனவே பகலில், தலைக்கு மேல் கடக்கும் சில நிமிடங்கள் மட்டும். மேகம் இருந்தால் அதுவும் இல்லை. ஆனி, ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலை மேல் படத்தில் பெரிய ஓட்டை விழும். அந்த ஓட்டை வழியாக அடியில் உள்ள பச்சை மலை தெரிய, 'ஆனைமலையில் காற்று எவ்வளவு சுத்தம்!' என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே அளவே எடுக்கவில்லை என்பதுதான் பொருள். மாடலில் ஓட்டை இருக்காது, ஆனால் வேறு குறை உண்டு. போகியன்று விடியற்காலை நாலரை மணிக்குத் தெருத்தெருவாகக் கொளுத்தும் சின்னச் சின்னத் தீயை, பகலிலும் நள்ளிரவுக்குப் பின்னும் கடந்துபோகும் செயற்கைக்கோள் பார்ப்பதில்லை. அதை வைத்துத் தீப்புகையைக் கணக்கிடும் மாடலுக்கும் தெரியாது.

கூகுள் எர்த் ப்ரோவில் தூசிப் படங்களைக் கேஎம்இசட் என்ற வகைக் கோப்பாக ஏற்றிப் பார்ப்பவர்களுக்குச் சில தனிச் சங்கடங்கள். அந்த மென்பொருள் தானாகவே ஒரு வளிமண்டலத்தை வரைகிறது. உருண்டையைச் சாய்த்தால் தொலைவில் நீலமாய் மங்கித் தெரிவது அதுதான், தரவு அல்ல. வியூ மெனுவில் அதை அணைத்துவிடுங்கள். சூரிய வெளிச்சத்தையும் அணையுங்கள். தூசி அடுக்கைப் பாதி ஒளிபுகும்படி வைத்தால், பல்லடம் பக்கத்துக் காய்ந்த செம்மண் மேல் ஒரு மஞ்சளும் வால்பாறைக் காட்டின் மேல் வேறொரு மஞ்சளும் தெரியும். எண் ஒன்றாகவே இருந்தாலும் கண் ரெண்டாகப் படிக்கும். நேரப் பட்டையில் உள்ள இரண்டு முனைகளையும் விரித்து வைத்தால், இடைப்பட்ட எல்லாப் படங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, மூன்று நாள் தூசி ஒரே நாளில் வந்ததுபோல் இருக்கும். முனைகளை நெருக்கி வையுங்கள். முதல் ஓட்டத்தில் படங்கள் இறங்கி முடிந்திருக்காது, இடையில் தூசி மறைந்து மறைந்து வரும். ஒருமுறை முழுக்க ஓடவிட்டு, இரண்டாம் முறை பாருங்கள்.

சிவப்பு என்றவுடன் ஆபத்து என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. நாசாவின் பிரபலமான உலக ஏரோசால் காட்சியில் சிவப்பு மண்தூசி, நீலம் கடல் உப்பு, பச்சை புகை, வெள்ளை சல்பேட். அளவு விளக்கத்தைப் படிக்காமல் ரெண்டு படங்களை ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள்.

அப்புறம் நேரம். பல தரவுகள் உலகப் பொது நேரத்தில் இருக்கும். 5 மணி 30 நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும். 00 மணிப் படம் நமக்குக் காலை 5:30, 03 மணிப் படம் 8:30.

இப்போது அப்புச்சி காலையில் மொட்டை மாடி ஏறி ஆனைமலை தெரிகிறதா என்று பார்த்துச் சொல்கிறார். "மேல பனி கண்ணு, அடிவாரம் தெரியுது" என்பார். பனியா புகையா என்பதை நான் சொல்வதைவிட அவர் சரியாகச் சொல்கிறார். அதை நோட்டில் எழுதி, பக்கத்தில் 5:30, 8:30 மணிப் படங்களின் பிஎம் 2.5 எண்ணையும், கோவை குறிச்சி சிட்கோவில் உள்ள அளவீட்டு நிலையத்தின் எண்ணையும் குறித்து வருகிறேன்.