ட்ரம்பெட்டில் ஸ்கேல் பழகுவது எப்படி? புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு

வடசென்னையில் பேண்டு செட் சத்தம் கேட்காமல் ஒரு வாரம் ஓட்டுவது கஷ்டம். மாப்பிள்ளை அழைப்பு, சாவு ஊர்வலம், பிப்ரவரி வந்தால் பெரம்பூர் லூர்து மாதா கோயில் திருவிழா என்று ஏதோ ஒரு தெருவில் ட்ரம்பெட் முழங்கிக்கொண்டுதான் இருக்கும். அதைக் கேட்டு ஆசைப்பட்டு, செகண்ட் ஹேண்டில் ஒன்றை வாங்கி வரும் பசங்க பலரும் முதல் நாளே தம் கட்டி உச்சத்தில் ஊதிப் பார்ப்பார்கள். கூட்டத்துக்கு நடுவே, ட்ரம்ஸ் சத்தத்தை மீறி வாசிக்க வேண்டியவர்களுக்கு அது சரி. ஸ்கேல் (ஸ்வரங்களை வரிசையாக ஏறி இறங்கி வாசிப்பது) பழகுவதென்றால் மெதுவாக, சின்னச் சத்தத்தில், கீழ் ஸ்தாயியில்தான் தொடங்க வேண்டும்.

பி ஃபிளாட் ட்ரம்பெட், 7சி அளவு மௌத்பீஸ் (உதட்டில் வைத்து ஊதும் பகுதி), வால்வு (விரலால் அழுத்தும் பொத்தான்) ஆயில், போனில் தாளம் தட்ட ஒரு மெட்ரோனோம் ஆப், ஒரு தம்புரா ஆப். இவ்வளவு போதும். தம்புராவை ஆறரைக் கட்டையில், அதாவது பி ஃபிளாட் சுருதியில், வைத்துக்கொள்ளுங்கள். ட்ரம்பெட் நோட்டில் ‘சி’ என்று எழுதியிருப்பதை வாசித்தால் கீபோர்டின் பி ஃபிளாட்தான் ஒலிக்கும். கீபோர்டு வாசிக்கிற நண்பனும் நீங்களும் ஆளுக்கொரு ‘சி’ வாசித்துவிட்டு முறைத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். அவன் மேலும் தப்பில்லை, உங்கள் மேலும் தப்பில்லை.

படி 1: நீள ஸ்வரம்

வால்வு எதையும் அழுத்தாமல் நடு ‘ஜி’யைப் பிடியுங்கள். தம்புராவுக்கு அது பஞ்சமம். மெட்ரோனோம் 60 (நிமிஷத்துக்கு 60 தட்டு). நாலு எண்ணிக்கை மூச்சு இழுத்து, எட்டு எண்ணிக்கை ஊதி, எட்டு எண்ணிக்கை சும்மா இருங்கள். கன்னம் உப்பக் கூடாது. ஊதி முடித்ததும் உதட்டில் மௌத்பீஸ் வட்டம் அழுத்தமாகப் பதிந்திருந்தால், கருவியை முகத்தோடு சேர்த்து அமுக்குகிறீர்கள் என்று அர்த்தம். வலது சுண்டு விரலை மேலே உள்ள கொக்கியிலிருந்து எடுத்துவிட்டு ஊதிப் பாருங்கள். இழுத்து அமுக்குவது பாதி குறைந்துவிடும்.

படி 2: சி ஸ்கேல், விரல் கணக்கு (1, 2, 3 என்பது உங்கள் பக்கமிருந்து எண்ணும் வால்வுகள்)

சி: ஒன்றும் இல்லை
டி: 1, 3
ஈ: 1, 2
எஃப்: 1
ஜி: ஒன்றும் இல்லை
ஏ: 1, 2
பி: 2
மேல் சி: ஒன்றும் இல்லை

மூன்று இடங்களில் எல்லோருக்கும் இடறும். முதலாவது, டி-யிலிருந்து ஈ. மூன்றாவது விரல் எழும் அதே நொடியில் இரண்டாவது விரல் இறங்க வேண்டும். ஒன்று முந்தினாலும் நடுவில் வேறொரு ஸ்வரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். மோதிர விரல் எப்போதும் கொஞ்சம் சோம்பேறி. ஊதாமலே, கடற்கரை – கும்மிடிப்பூண்டி ரயிலில் உட்கார்ந்துகொண்டு தொடை மேல் தட்டிக்கூட இதைப் பழகலாம். விரலைத் தட்டையாக வைக்காமல், வளைத்து, நுனியால் டக்கென்று அழுத்துங்கள்.

இரண்டாவது, ஜி-யிலிருந்து ஏ. ஸ்வரம் மேலே போகிறது, ஆனால் வால்வை அழுத்துவதால் குழாயின் நீளம் கூடுகிறது. அதனால் காற்று கொஞ்சம் வேகம் பிடிக்காவிட்டால் ஏ வராது, ஈ-தான் வரும். இரண்டுக்கும் விரல் ஒன்றுதானே. பயந்து இன்னும் அமுக்குவதைவிட, ஜி ஒலிக்கும்போதே காற்றைத் தள்ளிக்கொண்டே போய் விரலை மாற்றுவது நல்லது.

மூன்றாவது சுருதிப் பிரச்சினை. கீழ் டி கொஞ்சம் தூக்கலாகத்தான் பேசும். மூன்று வால்வுகளின் குழாய்களும் தனித்தனியாக அழுத்துவதற்குக் கணக்குப் பார்த்துச் செய்தவை. சேர்த்து அழுத்தும்போது மொத்த நீளம் போதாமல் போகிறது. இடது மோதிர விரல் மாட்டியிருக்கும் வளையத்தைத் தள்ளி, மூன்றாவது ஸ்லைடை (மூன்றாவது வால்வின் இழுப்புக் குழாயை) கொஞ்சம் வெளியே நீட்டுங்கள். எவ்வளவு என்று கேட்டால் தம்புராவோடு சேர்கிற அளவு. பேண்டு செட்டில் பல வருஷம் வாசித்தவர்களில்கூடச் சிலர் இந்த வளையத்தை வெறும் பிடியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

படி 3: சரளிவரிசை (கர்நாடக சங்கீதத்தின் முதல் ஸ்வரப் பயிற்சி)

என்னைக் கேட்டால் தமிழ்நாட்டில் ட்ரம்பெட் பழக இதைவிட நல்ல பயிற்சி இல்லை. சி ஸ்கேல் என்பது நம்ம சங்கராபரண ராகம். முதல் வரிசை நேராக ஏறி இறங்கும். இரண்டாவது வரிசை ஸ ரி ஸ ரி ஸ ரி க ம என்று தொடங்கும், ஒன்றாவது மூன்றாவது விரல்களுக்கு நல்ல வேலை. மூன்றாவது வரிசையின் ஸ ரி க ஸ ரி க ஸ ரி, மேலே சொன்ன டி–ஈ மாற்றத்தையே திரும்பத் திரும்பக் கொண்டுவரும். முதலில் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், 60-லேயே. விரலும் காற்றும் ஒட்டினால் இரண்டாம் காலம், எண்ணிக்கைக்கு இரண்டு ஸ்வரம்.

பாட்டு வாத்தியார்கள் மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பிப்பார்கள். ட்ரம்பெட்டில் அது இப்போது வேண்டாம். அதன் ரிஷபம் டி ஃபிளாட், மூன்று வால்வையும் அழுத்த வேண்டும், டி-யைவிட அதிகமாகச் சுருதி விலகும்.

படி 4: நாக்கு

முதலில் ஸ்வரங்களை நாக்கு போடாமல் சேர்த்து வாசியுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் ‘தூ’. நாக்கு பல்லின் பின்பக்கம் தொட்டுவிட்டு வரட்டும், காற்று நிற்கக் கூடாது. ‘தூத்’ என்று மூடினால் ஸ்வரம் துண்டு துண்டாகும்.

படி 5: லிப் ஸ்லர் (உதட்டாலும் காற்றாலும் மட்டும் ஸ்வரம் மாற்றுவது)

நடு ஜி-யிலிருந்து கீழ் சி, மறுபடி ஜி. விரல் மாறாது, நாக்கு வராது. அடுத்து இரண்டாவது வால்வை அழுத்திக்கொண்டு அதே இறக்கம், பிறகு 1, 1-2, 2-3, 1-3, 1-2-3. கடைசி இரண்டும் முதல் வாரத்தில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

எல்லாம் சேர்த்து இருபது நிமிஷம், அதில் பாதி ஓய்வு. உதடு மரத்துப்போன பிறகு வாசிப்பதில் பிரயோஜனம் இல்லை.

வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கும் தெருவில் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டத்தான் செய்வார். பிராக்டிஸ் மியூட் (ட்ரம்பெட் வாயில் செருகிச் சத்தத்தைக் குறைக்கும் அடைப்பு) உதவும், ஆனால் காற்றை எதிர்க்கும், சுருதியையும் மாற்றும். விரல் பயிற்சிக்கு அதைப் போடுங்கள். நீள ஸ்வரத்தைச் சாயங்காலம் மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளலாம். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்கள் வாசித்து முடித்ததும் தண்ணீரை வெளியேற்றி, துணியால் துடைத்து, பெட்டியில் வைத்து மூடுங்கள். உப்புக் காற்று பித்தளையைச் சும்மா விடாது. வால்வுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும்.

சி ஸ்கேல் 80-ல் தடங்கலில்லாமல் வந்ததும் அடுத்தது ஜி. மேலே போகாமல் கீழ் ஜி-யிலிருந்து தொடங்குங்கள்: 1-3, 1-2, 2, வெறுமை, 1-3, 1-2, எஃப் ஷார்ப்புக்கு 2, பிறகு நடு ஜி. கீழ் ஜி-க்கும் ஸ்லைடை நீட்ட வேண்டும்.