29சி-யில் ஏறி எழுதத் தொடங்குங்கள்: ஒரு பஸ் தடத்துக்குப் பதிவேடு வைப்பது எப்படி?

பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகருக்கு எப்படிப் போவது என்று சென்னையில் யாரைக் கேட்டாலும் "29சி" என்று உடனே பதில் வரும். அந்த பஸ் எந்தெந்தத் தெரு வழியாகப் போனது, எப்போது எங்கே மாறியது என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஊரே ஏறி இறங்கும் ஒரு தடத்தைப் பற்றி எழுத்தில் இவ்வளவு குறைவாக இருக்கிறதே என்ற ஆதங்கத்தில்தான் நான் தடக் குறிப்பு எழுத ஆரம்பித்தேன். இதைச் செய்ய நிபுணராக இருக்க வேண்டியதில்லை. நீளமான நோட்டு ஒன்று, பேனா, போன், ஒரு காலைப்பொழுது, இவை போதும்.

படி 1: ஒரே ஒரு தடத்தைப் பிடியுங்கள்

மொத்த சென்னையையும் எழுதிவிடலாம் என்று இறங்கினால் இரண்டு வாரத்தில் நோட்டு மூலைக்குப் போய்விடும். நீங்கள் அடிக்கடி ஏறும் ஒரு பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் 29சி-யை எடுங்கள் என்பேன். காரணம் இருக்கிறது. மாதவரத்திலிருந்து சிப்காட் வரை கட்டப்படும் மெட்ரோவின் மூன்றாம் வழித்தடம், பெரம்பூர், ஓட்டேரி, புரசைவாக்கம், நுங்கம்பாக்கம், ஜெமினி, மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு என்று பூமிக்கடியில் போகிறது. 29சி காலங்காலமாகக் கோத்து வைத்திருக்கும் ஊர்களும் ஏறத்தாழ இவைதான். தோண்டும் இடத்தில் பஸ் பக்கத்துத் தெருவுக்குத் திரும்புகிறது, நிறுத்தம் நூறடி தள்ளிப் போகிறது. ரயில் ஓடத் தொடங்கியதும் இந்தத் தடம் எப்படி இருக்கும் என்று இப்போது சொல்ல முடியாது. ஆகவே இன்று இருப்பதை இன்றே எழுதிவிடுவது நல்லது.

படி 2: எண்ணைப் பிரித்துப் படியுங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில் தட எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். எண் ஒரு குடும்பப் பெயர் மாதிரி, பின்னால் வரும் எழுத்து அந்தக் குடும்பத்தில் ஒரு கிளை. எழுத்துக்கு அர்த்தம் கண்டுபிடிக்கத் தோன்றும். கோயம்பேட்டிலிருந்து வண்டலூர் போய்க்கொண்டிருந்த 70வி-யைப் பார்த்தால் "வி" என்றால் வண்டலூர் என்றுதான் மனம் சொல்லும். ஆனால் 29சி-யின் "சி" பெரம்பூரிலும் இல்லை, பெசன்ட் நகரிலும் இல்லை. எழுத்தை வைத்து ஊரை ஊகித்து எழுதாதீர்கள்.

நம்பக்கூடிய சில அடையாளங்கள் உண்டு. தாம்பரம் – மாமல்லபுரம் 515, கோயம்பேடு – கேளம்பாக்கம் 570 போன்ற ஐந்நூறு வரிசை எண்கள் ஊரின் வெளிவிளிம்பைத் தாண்டிப் போகிறவை. எண்ணுக்கு முன்னால் "எஸ்" இருந்தால் அது சிற்றுந்து, 2013 அக்டோபரில் வந்தது. பெரிய பஸ் நுழையாத உட்தெருக்களுக்கும் ரயில் நிலையங்களுக்கும் நடுவே ஓடுவதற்கென்றே விடப்பட்ட குட்டி பஸ் அது. எண்ணோடு "கட்" என்று இருந்தால் முழுத் தூரம் போகாமல் பாதியில் திரும்பும் நடை என்று பொருள். கட் சர்வீஸுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். முழு நடையோடு அதைக் கலந்து எழுதினால் பிறகு பிரிப்பது பெரும்பாடு.

படி 3: முனையிலிருந்து முனை வரை ஒருமுறை, திரும்பி ஒருமுறை

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பெரம்பூர் பஸ் நிலையத்திலேயே ஏறி, பெசன்ட் நகர் வரை இறங்காமல் போங்கள். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, இடப்பக்க ஜன்னல் சீட்டைப் பிடியுங்கள், நிறுத்தப் பலகைகள் அந்தப் பக்கம்தான் வரும்.

நோட்டில் இடப்பக்கத் தாளில் மட்டும் எழுதுங்கள், வலப்பக்கத்தைக் காலியாக விடுங்கள். மேலே தேதி, கிழமை, ஏறிய நேரம். நான் எழுதிய முதல் நோட்டில் தேதியே இல்லை. நிறுத்தங்களை அவ்வளவு கவனமாக எழுதியிருந்தேன், ஆனால் அது மெட்ரோ வேலைக்கு முந்தைய வழியா பிந்தைய வழியா என்று இன்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பக்கங்களை எதற்கும் பயன்படுத்த முடியவில்லை. தேதி இல்லாத குறிப்பு குறிப்பே அல்ல என்று அப்போதுதான் உறைத்தது.

தேதிக்குக் கீழே வண்டியின் பதிவெண்ணை எழுதுங்கள். தமிழ்நாட்டில் அரசுப் போக்குவரத்துக் கழக பஸ்களின் பதிவெண்ணில் "என்" என்ற எழுத்து வரும், அதை வைத்துத் தூரத்திலிருந்தே அரசு பஸ் என்று சொல்லிவிடலாம். வண்டியில் பணிமனை பெயர் கண்ணில் பட்டால் அதையும் சேருங்கள். ஒரே தடத்துக்கு இரண்டு பணிமனைகளிலிருந்து வண்டி வருவதும் உண்டு.

அப்புறம் நிறுத்தங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷயம்: பலகையில் இருக்கும் பெயர், கண்டக்டர் சொல்லும் பெயர், பஸ் நின்ற நேரம். பஸ் எந்தத் தெருவில் திரும்புகிறது என்பதை அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். திரும்பி வரும்போது மறுபடி முதலிலிருந்து எழுதுங்கள். ஒருவழிப் பாதைகளால் போகிற வழியும் வருகிற வழியும் பல இடங்களில் வேறு வேறு. போன வழியைத் தலைகீழாக எழுதினால் போதும் என்று நினைப்பதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

படி 4: ஊர்ப் பெயர்களை அவிழ்த்து வையுங்கள்

சென்னையில் ஓர் இடத்துக்கு இரண்டு பெயர் இருப்பது சகஜம். போர்டில் வள்ளலார் நகர் என்றிருக்கும், ஏறுகிறவர் "மிண்ட் போகுமா?" என்பார். பட்டினப்பாக்கத்தை ஃபோர்ஷோர் எஸ்டேட் என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அண்ணா சாலைக்கு மவுண்ட் ரோடு. இரண்டையும் எழுதுங்கள். ஐம்பது வருடம் முந்தைய ஒரு பட்டியல் கையில் கிடைத்தால் அதைப் படிக்க இந்தப் பெயர்கள்தான் சாவி.

சில பெயர்கள் காணாமல் போனவற்றைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. ஜெமினி ஸ்டூடியோ இப்போது இல்லை. அது இருந்த இடத்துக்கு அருகே 1973-இல் கட்டிய மேம்பாலத்துக்கு அண்ணா மேம்பாலம் என்று பெயர். ஆனாலும் பஸ்ஸில் "ஜெமினி ஒண்ணு" என்றுதான் டிக்கெட் கேட்கிறோம். இப்படி ஒரு பெயர் வந்தால் அதன் பக்கத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

படி 5: டிக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள்

டிக்கெட் ஒரு ஆவணம். அதில் ஏறிய இடம், இறங்கும் இடம், கட்டணம், தேதி எல்லாம் இருக்கும். மெஷின் டிக்கெட்டின் மை சீக்கிரம் மங்கிவிடும். அன்றைக்கே படம் எடுத்துவிட்டு, விவரங்களைக் கையாலும் எழுதி, டிக்கெட்டை நோட்டில் ஒட்டுங்கள்.

கட்டணம் ஏறும் இடத்துக்கு ஸ்டேஜ் என்று பெயர். எல்லா நிறுத்தமும் ஸ்டேஜ் அல்ல. கண்டக்டர் ஓய்வாக இருக்கும்போது "எது எது ஸ்டேஜுண்ணா?" என்று கேட்டால் பெரும்பாலும் ஆர்வமாகச் சொல்வார்கள். சாதாரண பஸ்ஸில் குறைந்தபட்சக் கட்டணம் 2018 ஜனவரியில் 5 ரூபாய் ஆனது. 2021 மே 8 முதல் அதே சாதாரண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அவர்களுக்குத் தரும் கட்டணமில்லாச் சீட்டையும் தவறாமல் சேர்த்து வையுங்கள்.

வீட்டுப் பெட்டியில், பழைய புத்தகத்துக்குள் பழைய டிக்கெட் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதன் காலத்தைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது, மேலே அச்சிட்டிருக்கும் கழகத்தின் பெயரைப் பாருங்கள். பல்லவன் போக்குவரத்துக் கழகம் என்றிருந்தால் அது 1972-க்கும் 1997-க்கும் இடைப்பட்டது, ஏனென்றால் அந்தக் கழகம் பிறந்தது 1972 ஜனவரி 1. டாக்டர் அம்பேத்கர் பெயர் இருந்தால் இன்னும் குறுகிய காலம்: 1994-இல் பல்லவனிலிருந்து பிரிந்து, 1997-இல் பெயர் மாறிய கழகம் அது. அந்த வருடம் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. அப்படிப் பல்லவனும் அம்பேத்கரும் பெயர் மாறி, இரண்டாக இருந்த மாநகர் போக்குவரத்துக் கழகம் 2001-இல் ஒன்றானது.

படி 6: மாற்றங்களுக்கு ஒரு காலக்கோடு

தனித் தாளில் ஒரு கோடு போட்டு, ஊர் முழுக்கப் பஸ் வழிகளை அசைத்த தேதிகளை முதலில் குறியுங்கள். 2002 நவம்பரில் கோயம்பேடு நிலையம் திறந்தது, வெளியூர் பஸ்கள் பாரிமுனைப் பக்கத்திலிருந்து அங்கே போயின. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்ற நகர பஸ்கள் செப்டம்பர் 1-இல் மறுபடி ஓடின. 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தது. அதன் பின் தாம்பரம், வண்டலூர் பக்கம் போகும் பல தடங்களின் கடைசிப் புள்ளி தெற்கே நகர்ந்தது. 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து மின்சார பஸ்கள் புறப்பட்டன.

பிறகு உங்கள் தடத்துக்கே உரிய மாற்றங்களை அந்தக் கோட்டில் ஏற்றுங்கள். கேள்விப்பட்டதைப் பென்சிலில் எழுதுங்கள், ஆதாரம் பார்த்ததைப் பேனாவில் எழுதுங்கள். இந்த ஒரு பழக்கத்தால் பின்னாளில் எவ்வளவோ குழப்பம் தீரும்.

படி 7: காகிதத்தில் இருப்பதைத் தேடுங்கள்

ஒவ்வொரு ஆண்டும் போக்குவரத்துத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு சட்டமன்றத்தில் வைக்கப்படுகிறது. தமிழிலும் கிடைக்கும், இணையத்தில் இலவசம். எத்தனை பஸ், எத்தனை பணிமனை என்ற எண்ணிக்கையை நாலைந்து ஆண்டுகளுக்கு வரிசையாக எழுதினாலே ஒரு படம் தெரியும்.

ஒரு குறிப்பிட்ட தடத்தைப் பற்றி வேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அண்ணா சாலை பல்லவன் இல்லத்தில் இருக்கும் மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். "ஏன் மாற்றினீர்கள்?" என்று கேட்காதீர்கள். "இந்தத் தடத்தின் இப்போதைய ஸ்டேஜ் பட்டியலின் நகல் வேண்டும்" என்று, கோப்பில் இருக்கக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். ஒரு மனுவில் மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம்.

இன்னும் பழைய காலத்துக்கு எழும்பூரில் கன்னிமாரா நூலகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. போகிறவர்கள் டிராம் வழிகளையும் பாருங்கள். 1895 முதல் 1953 வரை இந்த ஊரில் டிராம் ஓடியது, பஸ் தடத்தின் முன்கதை பல இடங்களில் அந்தத் தண்டவாளத்தில் தொடங்கும்.

படி 8: மனிதர்களிடம் கேளுங்கள்

டைம் கீப்பர், ஓய்வுபெற்ற டிரைவர், நிறுத்தத்துக்கு எதிரே முப்பது வருடமாகக் கடை வைத்திருப்பவர். "இந்தத் தடம் எப்போ ஆரம்பிச்சுது?" என்று வருடம் கேட்டால் தடுமாறுவார்கள். "உங்க கல்யாணத்தப்போ இந்த பஸ் இந்த ரோட்ல வந்துச்சா?" என்று கேளுங்கள், நினைவு தானாக வரும். சொன்னதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே, பென்சிலில் எழுதுங்கள். பெயர் போட வேண்டுமா வேண்டாமா என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 9: மறுபடி ஏறுங்கள்

ஆறு மாதம் கழித்து அதே தடத்தில், அதே கிழமை, அதே நேரத்துக்கு ஏறுங்கள். முதல்முறை திங்கள் காலை பத்து மணி என்றால் இரண்டாம் முறையும் திங்கள் காலை பத்து மணி. இல்லையென்றால் நேரங்களை ஒப்பிட முடியாது. காலியாக விட்டிருந்த வலப்பக்கத் தாளை இப்போது எடுங்கள். இடப்பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நேர் எதிரே, அன்று பஸ் எங்கே நின்றது, எத்தனை மணிக்கு நின்றது என்று எழுதிக்கொண்டே வாருங்கள். மாறாத இடத்தில் ஒரு டிக் போதும். மாறிய இடத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, அன்றைய தேதியைப் பக்கத்திலேயே எழுதுங்கள்.