குதிரைக்குப் பூச்சிக்கடி ஒவ்வாமை: முதலுதவியும் தடுப்பும்

தேனீயோ குளவியோ கொட்டிய குதிரையிடம் போனதும் மூக்கைப் பாருங்கள்; தோலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். குதிரையால் வாய் வழியே மூச்சுவிட முடியாது. நாசி வீங்கி அடைத்தால் மாற்று வழியே கிடையாது. சும்மா நிற்கும் வளர்ந்த குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சுவிடும், நாடி 28 முதல் 44 வரை துடிக்கும். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு விலா ஏறி இறங்குவதை எண்ணுங்கள். மூச்சில் கரகரப்பு, முகவீக்கம், திடீர் வியர்வை, தள்ளாட்டம், வயிற்றுவலியில் மண்ணைப் பறிப்பது என எது தெரிந்தாலும் அடுத்த நிமிடமே மருத்துவரைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962.

அப்போது உயிரைக் காப்பது அட்ரினலின் ஊசி. குதிரையின் எடையை போனிலேயே சொல்லிவிடுங்கள். 400 கிலோ குதிரைக்கு 1 மி.லி. ஆம்பூல் ஒன்று போதாது, குறைந்தது நான்கு வேண்டியிருக்கும். மருத்துவர் வரும்வரை கூட்டுப் பக்கத்திலிருந்து விலக்கி நிழலில் நிறுத்துங்கள், தலைக்கயிற்றைத் தளர்த்துங்கள். வாயில் மருந்தோ கஷாயமோ ஊற்றவே கூடாது. தொண்டை வீங்கியிருந்தால் அது நேராக நுரையீரலுக்குப் போகும். தேனீ கொட்டியிருந்தால் கொடுக்கை நகத்தால் சுரண்டியோ பிடுங்கியோ உடனே எடுங்கள். விஷப்பையிலிருந்து விஷம் இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் எடுக்கும் முறையைவிட வேகம்தான் முக்கியம். குளவி பொதுவாகக் கொடுக்கை விட்டுப் போகாது.

மூச்சு சீராக இருந்து, கழுத்திலும் விலாவிலும் நாணயம் நாணயமாகத் தடித்திருந்தால் அது காணாக்கடி. விரலால் அழுத்தினால் குழி விழும். குளிர்ந்த நீர் ஊற்றி, சேணம் போடாமல் விட்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் வடிந்துவிடும். வடியாவிட்டால் பூச்சியை மட்டும் சந்தேகிக்காதீர்கள். அதற்கு முன் கொடுத்த புதுத் தீவனம், ஊசி, ஷாம்பு எல்லாவற்றையும் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்.

குதிரையையும் வளர்ப்பவரையும் ஆண்டுக்கணக்கில் வாட்டுவது இன்னொன்று. ஆங்கிலத்தில் ஸ்வீட் இட்ச் என்பார்கள். கியூலிகாய்டஸ் என்ற 1 முதல் 3 மி.மீ. பொடிப் பூச்சியின் எச்சிலுக்கு வரும் அரிப்பு ஒவ்வாமை அது. ஆடுகளுக்கு நீலநாக்கு நோயைப் பரப்புவதும் இந்த இனப் பூச்சிதான். அதனால் வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு பக்கத்துப் பட்டிகளில் நீலநாக்கு என்று கேள்விப்பட்டால், இந்தப் பூச்சி உங்கள் லாயத்தையும் சுற்றிக்கொண்டிருக்கும்.

பிடரிமயிரை வகிர்ந்து பாருங்கள். வேரில் மஞ்சள் பொருக்கு, பாதியில் ஒடிந்த முடி, தொட்டால் அட்டைபோல் தடித்து மடிப்பு மடிப்பாக இருக்கும் தோல். வாலடி, முன்முதுகு மேடு, காது, அடிவயிற்று நடுக்கோடு ஆகிய இடங்களிலும் இப்படியே இருக்கும். வாலை மட்டும் தேய்த்தால் ஊசிப்புழுவாக இருக்கலாம். ஆசனவாயில் செலோடேப் ஒட்டி எடுத்து மருத்துவரிடம் கொடுத்தால் முட்டை தெரிந்துவிடும். கீழ்க்கால்களில் மட்டும் அரித்தால் சொறிப்பூச்சியைத் தேடுங்கள்.

இந்த ஒவ்வாமை பெரும்பாலும் சிறு வயதிலேயே தொடங்கி ஆண்டுக்கு ஆண்டு கூடும், தானாகத் தீராது. ஆகவே கடி விழாமல் பார்ப்பதுதான் இதற்குச் சிகிச்சை. மருந்துக்கு இரண்டாம் இடம்தான்.

பூச்சி அதிகம் கடிப்பது அந்தியிலும் விடியலிலும். மாலை நான்கரைக்குள் லாயத்துக்குள் கொண்டுவந்து, காலை எட்டு மணிக்கு மேல் வெளியே விடுங்கள். சாதாரணக் கொசுவலைக் கண்ணில் இது நுழைந்துவிடும். கண் 1 மி.மீ.க்கும் சிறியதாக இருக்க வேண்டும். இதற்குப் பறக்கும் வலு குறைவு, காற்றை எதிர்த்து வராது. குதிரைமேல் நேராகப் படும்படி பெரிய மின்விசிறி ஒன்றை வைத்தால் நன்றாகப் பலன் தரும். வயரை மட்டும் குதிரைக்கு எட்டாத உயரத்தில் இழுங்கள். மூடிய லாயத்தில் புகைமூட்டம் வேண்டாம். பூச்சியோடு குதிரையின் நுரையீரலும் கெடும். தொட்டி வழிந்து சேறான இடத்தை மண்ணடித்து மேடாக்குங்கள், லத்தியைத் தினமும் அள்ளித் தொலைவில் குவியுங்கள். பூச்சி முட்டையிடுவது இந்த ஈரத்தில்தான்.

பூச்சியை விரட்ட, பென்சைல் பென்சோயேட் 25% லோஷனை பிடரி வேரிலும் வாலடியிலும் தினமும் தேய்க்கலாம். முதலில் உள்ளங்கை அளவு இடத்தில் தடவி ஒரு நாள் பாருங்கள். பலர் தவறுவது எங்கே என்றால், குதிரை தேய்த்துத் தேய்த்துப் புண்ணான பிறகு இதைத் தடவுகிறார்கள். புண்ணில் பட்டால் எரியும். எரிச்சலில் இன்னும் தேய்க்கும். வேப்பெண்ணெயும் அப்படித்தான். பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து வாங்கினால் குதிரைக்கென்று லேபிளில் போட்டிருப்பதையே வாங்குங்கள். பூனைக்கும் மீனுக்கும் அது விஷம், குளத்தில் கழுவிவிடாதீர்கள். பொருக்கு கட்டிச் சீழ் வைத்த தோலை 2% குளோர்ஹெக்சிடின் ஷாம்பு போட்டு, 10 நிமிடம் ஊறவிட்டுக் குளிர்ந்த நீரில் அலசுங்கள்.

அரிப்பு தாங்காமல் போனால் மருத்துவர் ஸ்டீராய்டு எழுதுவார். மாத்திரை என்றால் பிரெட்னிசோலோனா என்று பெயரைச் சரிபார்த்து வாங்குங்கள்; பிரெட்னிசோனை குதிரையின் உடல் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளாது. ஸ்டீராய்டை இஷ்டத்துக்கு நீட்டினால் குளம்பு அழற்சி வரக்கூடும், குறிப்பாகக் கொழுத்த குதிரைகளுக்கு. அலர்ஜி மாத்திரைகள் காணாக்கடிக்கு உதவும் அளவுக்கு இதற்கு உதவுவதில்லை.

இந்த நோய் ஒட்டாது, ஆனால் வம்சத்தில் இறங்கும். பாதித்த குதிரையை இனப்பெருக்கத்துக்கு விடாமல் இருப்பதே நல்லது.

முதல் அரிப்பு கண்ட தேதியை லாயச் சுவரிலேயே எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அந்தத் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே வலை, விசிறி, லோஷன் மூன்றும் தொடங்கியிருக்க வேண்டும்.