மும்பையில் வீட்டு ஏஜென்ட்டாக ரெரா நம்பர் வாங்கப் போகிறீர்களா? முதலில் இனிஷியலைப் பாருங்கள்

செம்பூர் சேடா நகரில் பத்து வருஷமாக வாடகை வீடு பார்த்துக் கொடுக்கிறேன். திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வரும் பையன்கள், மாற்றலாகி வரும் குடும்பங்கள். கமிஷன் ஒரு மாத வாடகை. இதற்கு ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு தேவையில்லை. ஆனால் ரெராவில் பதிவான புதுக் கட்டடத்தில் பில்டர் விற்கும் ஃபிளாட்டுக்கு ஆள் கூட்டிப் போனால் கதையே வேறு. 2016ஆம் வருஷச் சட்டப்படி, பதிவில்லாமல் அதைச் செய்தால் நாளுக்கு 10,000 ரூபாய் அபராதம். வீட்டு விலையில் 5 சதவீதம் வரை ஏறும்.

நான் வீடு பார்த்துக் கொடுத்த தம்பி ஒருவன், "அக்கா, சொந்தமா ஒண்ணு பாருங்க" என்று கேட்ட பிறகுதான் பதிவு பண்ணக் கிளம்பினேன்.

முன்பு பணத்தைக் கட்டி விண்ணப்பித்தால் போதும். மகாராஷ்டிராவின் ரெரா ஆணையமான மகாரெரா 2023 ஜனவரியில் போட்ட உத்தரவுக்கு அப்புறம் 20 மணி நேரப் பயிற்சி, கம்ப்யூட்டரில் தேர்வு, தகுதிச் சான்றிதழ் எல்லாம் முடித்துத்தான் விண்ணப்பம்.

பயிற்சிக்குப் பெயர் கொடுக்கும் முன் பான், ஆதார் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம்மவர்களுக்கு இங்கேதான் இடிக்கும். என் ஆதாரில் 'பி. செல்வி'. பானில் இனிஷியல் எடுக்காது என்பதால் அப்பா பெயர் முழுசாக, 'பெருமாள் செல்வி'. பயிற்சிக்கு ஆதார் பெயரைக் கொடுத்தேன், சான்றிதழும் அப்படியே வந்தது. விண்ணப்பத்தில் பான் பெயர். பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி விட்டார்கள். ஆதாரைத் திருத்தி, சான்றிதழையும் மாற்றி வாங்குவதற்குள் ஆறு வாரம் ஓடிவிட்டது. அதற்குள் அந்தத் தம்பி வேறு ஏஜென்ட் மூலம் முலுண்டில் வீடு வாங்கிவிட்டான். வயிற்றெரிச்சல்தான், என்ன செய்ய.

தேர்வு பயப்படும்படி இல்லை. ஆனால் கேள்வி தமிழில் வராது. சட்டத்தில் வரும் அளவுகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் பதிவு செய்யும் முன் பில்டர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. மனை 500 சதுர மீட்டருக்குள் இருந்தாலோ, மொத்த வீடு எட்டைத் தாண்டாவிட்டாலோ அந்தத் திட்டத்துக்குப் பதிவு தேவையில்லை. கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் நாம் புழங்கும் பரப்பு, என்னைக் குழப்பியது. கடைசியில் டேப்பை எடுத்து என் வீட்டையே அளந்தேன். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கணக்கில் சேரும். வெளிச்சுவர் சேராது, துணி காயப்போடும் பால்கனியும் சேராது. அதற்கப்புறம் மறக்கவே இல்லை.

விண்ணப்பம் மகாரெரா தளத்தில் படிவம் 'ஜி'. பான், போட்டோ, தொழில் செய்யும் இடத்தின் முகவரிச் சான்று கேட்பார்கள். உங்கள் மேல் வழக்கு ஏதும் இருந்தால் அந்த விவரமும் எழுத வேண்டும். யாரும் எதிர்பார்க்காதது, லெட்டர்ஹெட், ரப்பர் ஸ்டாம்ப், ரசீது இவற்றின் மாதிரி. என்னிடம் ஒன்றுமே கிடையாது. அன்றைக்கே மாட்டுங்காவுக்கு ஓடி ஸ்டாம்ப் செய்தேன். தனி ஆளுக்குக் கட்டணம் 10,000 ரூபாய், கம்பெனி என்றால் ஒரு லட்சம். கம்பெனி கனவெல்லாம் அப்புறம், முதலில் உங்கள் பெயரிலேயே எடுங்கள்.

பதிவு ஐந்து வருஷத்துக்குச் செல்லும். ஏஜென்ட் நம்பர் 'ஏ'யில் தொடங்கும், கட்டடத்தின் நம்பர் 'பி'யில் (ஆங்கில P). பில்டர் ஆள் 'பி' நம்பரைக் காட்டாமல் "வந்துடும் மேடம்" என்றால் அந்தக் கட்டடத்துக்கு ஆளைக் கூட்டிப் போகாதீர்கள். பதிவாகாத திட்டத்தில் விற்றுக் கொடுத்தால் மாட்டுவது நாம்தான். நீங்கள் முடிக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் உங்கள் நம்பர் இருக்க வேண்டும். நான் விசிட்டிங் கார்டில் போன் நம்பருக்கு மேலேயே அதை அச்சடித்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் ஃபிளாட் படம் போடும்போதும் முதல் வரி அதுதான்.